விலையில்லா மெனு

ஐரோப்பாவில் எந்த உணவகத்தில் சாப்பிட்டால் ஜென்மம் கடைத்தேறும் என்று சொல்லும் அதிகாரம் ஒரு டயர் கம்பெனியிடம் இருக்கிறது. பிரான்சில் கிளெர்மோன் ஃபெரான் ஊரைச் சேர்ந்த மிஷலின் சகோதரர்கள் 1900-ல் ஒரு கையேடு போட்டார்கள். அன்றைக்கு அந்த நாடு முழுக்கச் சலித்தாலும் மூவாயிரம் கார் தேறாது. இருக்கிற காரும் கொட்டகையிலேயே நின்றால் டயர் எப்படித் தேயும்? தேயாவிட்டால் புது டயரை யார் வாங்குவார்கள்? ஆகவே எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே படுக்கலாம், எங்கே சாப்பிடலாம் என்றெல்லாம் அச்சடித்து 35,000 பிரதிகளைச் சும்மாவே கொடுத்தார்கள். 1926-ல் நல்ல சாப்பாட்டுக்கு நட்சத்திரம் போடத் தொடங்கினார்கள். கணக்கு இதுதான்: ஒரு நட்சத்திரம் என்றால் அந்தப் பக்கம் போகும்போது வண்டியை நிறுத்திச் சாப்பிடலாம். இரண்டு என்றால் வழியை விட்டு விலகிப் போய்ச் சாப்பிடலாம். மூன்று என்றால் அந்தச் சாப்பாட்டுக்காகவே வீட்டிலிருந்து கிளம்பலாம். மூன்றிலும் டயர் தேய்கிறது.

இந்தக் கடைசி உண்மையைக் கண்டுபிடித்தது நானல்ல, என் வீட்டுக்காரர். திருச்சியில் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில், பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் பொறுத்தவரை வெளிச்சாப்பாடு என்பது பணிமனைக் கேன்டீனோடு முடிந்துபோன விஷயம். கல்யாண நாளுக்கு ஓட்டலுக்குப் போகலாமா என்று கேட்டால், "கல்யாண நாளுன்னா கல்யாணச் சாப்பாடுதானே சாப்பிடணும்? நீயே பண்ணிடு" என்பார். அப்படிப்பட்டவர், லியோனில் வேலை பார்க்கும் எங்கள் மகள் "இந்தத் தடவை உங்களை நட்சத்திர ரெஸ்டாரன்டுக்கெல்லாம் கூட்டிட்டுப் போறேன்" என்றபோது மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். "நூறு வருஷமா டயர்ல ஏமாத்தாதவன் சாப்பாட்டுல ஏமாத்த மாட்டான்" என்பது அவர் வாதம். அவர் வாழ்நாளில் வேறெந்தக் கம்பெனியையும் இந்த அளவுக்கு நம்பி நான் பார்த்ததில்லை.

மகள் விமான டிக்கெட் எடுத்தது புரட்டாசியில். எங்களுக்குக் குலதெய்வம் பெருமாள். அந்த மாதம் முழுக்க வீட்டில் கவிச்சி கிடையாது, முட்டையும் கிடையாது. கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கடைக்காரரின் கண்ணை உற்றுப் பார்த்துக் கேட்கிற ரகம் இவர். டிக்கெட்டை மாற்றினால் காசு போகும், மாதத்தை மாற்ற வழியில்லை. மகள் ஒரு காரியம் செய்தாள். அந்த ஊர்களில் மேஜைக்குப் பதிவு செய்யும்போதே ஒவ்வாமை உண்டா, விரதம் உண்டா என்று கேட்பார்கள். அவள் எல்லோருக்கும் ஒரே பதிலை அனுப்பினாள்: "என் பெற்றோர் அக்டோபர் 17 வரை சைவம், முட்டையும் ஆகாது. 18-ந் தேதியிலிருந்து எல்லாம் சாப்பிடுவார்கள்."

யாரும் சிரிக்கவில்லை. ஓர் இடத்திலிருந்து, வெண்ணெயும் பாலும் ஆகுமா என்று கேட்டு எழுதினார்கள். இன்னோர் இடத்தில், 17-ந் தேதி நள்ளிரவோடு முடிகிறதா, மறுநாள் சூரிய உதயத்திலா என்று கேட்டார்கள். இவர் அந்தக் கடிதத்தை வாசிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டார். எங்கள் சொந்தக்காரர்களே இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. "புரட்டாசியா? அப்ப குழம்பு மட்டும் ஊத்தவா, பீஸ் போடாம?" என்பதுதான் அவர்களின் அதிகபட்சக் கரிசனம். அந்த ஊர்ப் பெரிய உணவகங்களின் வித்தை சமையலில் பாதிதான் என்று எனக்கு அப்போதே பட்டது. எந்தக் கிறுக்குத்தனத்தைச் சொன்னாலும் முகம் கோணாமல் குறித்துக்கொள்கிற பயிற்சியில்தான் மீதிப் பாதி இருக்கிறது. அதற்குத்தான் காசு.

முதலில் டூரின். இத்தாலி ஒரே நாடான 1861-லிருந்து நாலு வருடம் டூரின்தான் தலைநகரம். நாங்கள் போன உணவகம் அந்த நாலு வருடப் பெருமையை இன்னும் கீழே இறக்கி வைக்கவில்லை. சுவரெல்லாம் ஆளுயரக் கண்ணாடி, கூரையெல்லாம் தங்கப் பூச்சு. பரிமாற வந்த பெரியவர் போட்டிருந்த கோட்டைப் பார்த்து இவர் எழுந்து நிற்கப் போனார். மகள் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

மூன்று மெனு அட்டைகள் வந்தன. என்னுடையதில் விலையே இல்லை. எட்டிப் பார்த்தேன், மகளுடையதிலும் இல்லை. இவருடைய அட்டையில் மட்டும் வரிக்கு வரி யூரோ. விருந்தாளி விலையைப் பார்த்து மனம் நோகக்கூடாது என்பது பழைய வழக்கம். மேஜையில் பெண் இருந்தால் அவள்தான் விருந்தாளி என்பது அதைவிடப் பழைய வழக்கம். காசு கொடுக்கப்போகிறவள் மகள் என்று பெரியவரிடம் யாரும் சொல்லவில்லை. பணம் கட்டுகிறவளுக்கு விலை தெரியாது, விலை தெரிந்தவரிடம் பணம் கிடையாது. மகளுக்கு மூக்குமேல் கோபம் வந்தது, அட்டையை மாற்றித் தரச் சொல்கிறேன் என்றாள். நான் விடவில்லை. நம் ஊரில் விலையில்லா மிக்சி, விலையில்லா கிரைண்டர், விலையில்லா மின்விசிறி எல்லாம் பார்த்தாயிற்று. விலையில்லா மெனுவை எதற்கு விடுவானேன்?

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் மெனு அட்டையை வலமிருந்து இடமாகப் படித்தே பழகியவள். முதலில் விலை, கட்டுப்படியானால் பெயர். வலப்பக்கம் காலியாக இருக்கவே வேறு வழியில்லாமல் பெயர்களைப் படித்தேன். ஒரு சாப்பாட்டை அதன் பெயருக்காகவே தேர்ந்தெடுப்பது எவ்வளவு நிம்மதி! நான் நிதானமாக ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்ட, எதிரில் இவர் முகம் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு நிறம் மாறியது.

அக்டோபர் என்பது அந்தப் பக்கத்தில் வெள்ளை ட்ரஃபிள் காலம். பக்கத்து ஆல்பா வட்டாரத்துச் சரக்குக்கு உலகம் முழுக்க மவுசு. மர வேர்களை ஒட்டி மண்ணுக்கடியில் விளைகிற ஒரு காளான் அது. கறுப்பு ட்ரஃபிளுக்காவது தோப்பு போட்டு வைக்கலாம். வெள்ளை அவ்வளவு எளிதில் பிடி கொடுக்காது. பழக்கிய நாயோடு காட்டுக்குப் போய், நாய் மோந்து நின்ற இடத்தில் தோண்ட வேண்டும். சமைப்பதும் கிடையாது, சூடான சோற்றின் மேல் பச்சையாகச் சீவுவார்கள். காளான் புரட்டாசிக்கு ஆகுமா என்ற கேள்வி எழுந்தது. "மண்ணுல முளைக்கிறதெல்லாம் சைவம்" என்று இவர் தீர்ப்புச் சொன்னார். அப்போது அவர் ட்ரஃபிளின் விலையைப் பார்த்திருக்கவில்லை.

எனக்கு ரிசோட்டோ வந்தது. வெண்ணெயும் சீஸும் சேர்த்துக் குழைய வேகவைத்த அரிசி. கூடவே மேஜைக்கு ஒரு சின்னத் தராசும் வந்தது. பெரியவர் உருளைக்கிழங்கு போலிருந்த ஒன்றைத் தராசில் வைத்து எடை காட்டினார். பிறகு சின்னச் சீவுகட்டையால் என் தட்டின் மேல் சீவ ஆரம்பித்தார். வாசனை எழுந்ததும் எங்கேயாவது கேஸ் கசிகிறதா என்று இவர் சுற்றிலும் பார்த்தார். பெரியவர் சீவிக்கொண்டே என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நானும் புன்னகைத்தேன்.

நம்மிடம் ஒரு முறை உண்டு. இலையில் நெய் ஊற்றும்போது பாதியில் "போதும்" என்று சொல்வது பரிமாறுகிறவரை அவமதிப்பது. கையை லேசாகக் காட்டலாம். அதையும் மீறி அவர் ஊற்ற வேண்டும். நான் வளர்ந்த வீட்டில் அதுதான் மரியாதை. ஆல்பாவுக்கு ஒரு மரியாதை, தஞ்சாவூருக்கு ஒரு மரியாதை என்று என்னால் மாற்றிக்கொள்ள முடியாது. அவர் சீவினார், நான் புன்னகைத்தேன். அவரும் புன்னகைத்துச் சீவினார். எதிரே இவர் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து ஏதோ சொன்னார். மேஜைக்கடியில் என் காலை ஒரு செருப்பு தேடியது. அரிசி கண்ணுக்குத் தெரியாமல் மூடியபிறகு நான் கையை லேசாகக் காட்டினேன். பெரியவர், முறை தெரிந்தவர், அதற்குப் பிறகும் இரண்டு சீவல் போட்டார். பிறகு மிச்சத்தைத் தராசில் வைத்தார். குறைந்த எடைக்குக் கிராம் கணக்கில் காசு என்பது இவருடைய அட்டையில் மட்டும் எழுதியிருந்த செய்தி.

அது எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதும் இல்லை. இவர் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் நான் காதைப் பொத்திக்கொண்டேன். ருசியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: பிரமாதம்.

அடுத்தது மோடனா. பால்சமிக் வினிகருக்கும் ஃபெராரி காருக்கும் பேர்போன வட்டாரம். மாசிமோ பொட்டூராவின் ஓஸ்தேரியா ஃப்ரான்செஸ்கானா இங்கேதான் இருக்கிறது. 2016-லும் 2018-லும் உலகப் பட்டியலில் முதலிடம் வந்த உணவகம். அங்கே ஒரு நாள் கடைசியாக மிஞ்சிய இரண்டு எலுமிச்சை டார்ட்டில் ஒன்றைச் சமையல்காரர் கீழே போட்டுவிட்டாராம். பொட்டூரா திட்டவில்லை. உடைந்த அழகைப் பார்த்துவிட்டு, அதே போல உடைந்த மாதிரியே தட்டில் வைத்துப் பரிமாறினார். "ஐயோ, எலுமிச்சை டார்ட்டைக் கீழே போட்டுவிட்டேன்" என்பதே அந்தப் பலகாரத்தின் பெயராகிவிட்டது. என் மாமியார் இருந்திருந்தால் இந்தக் கதையை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

அங்கே எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அதே வட்டாரத்தில் வேறொரு நல்ல இடத்துக்குப் போனோம். உட்கார்ந்ததும் மெனுவின் அடியில் ஆளுக்கு இவ்வளவு யூரோ என்று தனியாக ஒரு வரி இருந்ததை இவர் பார்த்துவிட்டார். இத்தாலியில் அதற்கு கொப்பெர்த்தோ என்று பெயர். மேஜை விரிப்பு, தட்டு, கரண்டி, ரொட்டி எல்லாம் சேர்ந்த கட்டணம். "அதாவது, உட்கார்ந்ததுக்குக் காசு?" என்றார். "எங்க பஸ்ஸுல நின்னாலும் உட்கார்ந்தாலும் ஒரே டிக்கெட்" என்று அந்த இத்தாலியப் பையனிடம் தமிழிலேயே சொன்னார். பையன் தலைவணங்கி, தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

அந்த வட்டாரத்துப் பார்மிஜானோ சீஸைப் பற்றி ஒரு வார்த்தை. அதை உறையவைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ஒருவகைச் சாறு சேர்க்க வேண்டும் என்பது விதி. எனக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும். இவர் இரண்டு வயது, மூன்று வயது, நாலு வயது என்று ஒவ்வொரு வயதுச் சீஸாக வாங்கிச் சாப்பிட்டு, "பால் பதார்த்தம்னா இப்படி இருக்கணும்" என்றார். பெருமாளுக்கும் தெரிந்திருக்கும், அவர் பார்த்துக்கொள்வார். இந்தக் கட்டுரையை இவர் படிக்க வாய்ப்பில்லை.

இவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு குட்டி டைரி இருக்கும். பணிமனையில் வண்டி வந்த நேரம், போன நேரம் எழுதிப் பழகிய கை. சாப்பாட்டு மேஜையிலும் எழுதினார்: 8.05 ரொட்டி, 8.20 கேட்காமலே சின்ன உருண்டை ஒன்று, 8.41 சூப், சூடு போதவில்லை. எழுதுவதற்கு முன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கரண்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். தட்டைச் சுண்டிப் பார்ப்பார். டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தே பழகியவர்.

மிஷலின் இன்ஸ்பெக்டர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. பெயரைச் சொல்லாமல் வருவார்கள், சாப்பிடுவார்கள், பில்லுக்குப் பணம் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே நட்சத்திரத்துக்காக ஏங்கும் உணவகத்தில் தனியாக வந்து சாப்பிடுகிறவர், பேசாமல் சாப்பிடுகிறவர், எதையும் உற்றுப் பார்க்கிறவர் எல்லோர் மேலும் சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். இவரோ யாராலும் படிக்க முடியாத எழுத்தில் நேரம் குறித்துக்கொண்டிருந்தார். சூப்புக்குப் பிறகு பரிமாறும் வேகம் மாறியது. ஒருவர் இருந்த இடத்தில் மூன்று பேர் வந்தார்கள். மேலாளர் வந்தார். நாங்கள் கேட்காத பலகாரமெல்லாம் வந்தது. அடுத்த தட்டு வந்தபோது ஆவி பறந்தது. இவர் கடிகாரத்தைப் பார்த்து "9.02, பரவாயில்லை" என்று எழுதினார்.

கிளம்பும்போது மேலாளர் மகளைத் தனியே அழைத்து, மிகவும் தயங்கித் தயங்கி, உங்கள் அப்பா என்ன தொழில் என்று கேட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பெண். "டயர் துறையில் இருந்தார்" என்றாள்.

வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டார்கள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். சமையல்காரர் உட்பட ஆறேழு பேர் இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

பாரிசில் இவருக்கு ஒரே குறைதான்: எதையும் சேர்த்து வைக்கமாட்டேன் என்கிறார்கள். ஒரு தட்டு வரும், நடுவில் இரண்டு வாய்க்கு ஏதோ இருக்கும், அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார்கள், சாப்பிட்டதும் தட்டு போய்விடும். பிறகு காத்திருக்க வேண்டும். "எல்லாத்தையும் ஒரே தடவையா கொண்டுவந்து வச்சிடச் சொல்லு பாப்பா, நாம பாத்துக்கலாம்" என்றார். இதில் வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்களின் பழைய பெருவிருந்துகளே அப்படித்தான் இருந்தன. மேஜை முழுக்கப் பண்டங்களைப் பரப்பிவிடுவார்கள். கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்ள வேண்டியது. ஒன்றன்பின் ஒன்றாகச் சூடாகப் பரிமாறுவது ரஷ்ய வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசிலிருந்த ரஷ்யத் தூதர் குராக்கின் அதைக் கொண்டுவந்தார் என்பார்கள். கடைசியில் அது பிரெஞ்சுக்காரர்களின் கௌரவமே ஆகிவிட்டது. இதைச் சொன்னதும் இவர், "ரஷ்யாக்காரன் குளிருக்குப் பண்ணினதை இவன் ஏன் பிடிச்சுக்கிட்டான்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் பாரிசை மன்னித்துவிட்டார். வாயு போட்டதா, போடாததா என்று கேட்டுப் பாட்டிலைத் திறந்தால் காசு. "ஒரு கராஃப்" என்று கேட்டால் குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் சும்மா தர வேண்டும், சட்டமே இருக்கிறது. அந்த ஒரு பிரெஞ்சுச் சொல்லை இவர் மனப்பாடம் செய்துகொண்டு, தாகம் இல்லாதபோதும் பயன்படுத்தினார்.

நதிக்கரையில் லா தூர் தார்ழான் உணவகத்தை மகள் காட்டினாள். வாத்துக்குப் பெயர்போன இடம். 1890-லிருந்து அங்கே சமைக்கும் ஒவ்வொரு வாத்துக்கும் வரிசை எண் உண்டு. சாப்பிடுகிறவருக்கு அந்த எண் போட்ட அட்டையைக் கையில் தருவார்கள். 2003-லேயே பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. புரட்டாசியில் வாத்தைப் பற்றி நினைக்கவும் கூடாது. ஆனால் இவர் அங்கேயே நின்றுவிட்டார். "நடுவுல ஒரு நம்பர் விட்டுப்போனா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். அன்று முழுக்க அதே கவலை.

அலேன் பஸார் என்ற சமையல்காரரின் கதையும் இவருக்குப் பிடித்துவிட்டது. பாரிசில் லார்ப்பேஜ் என்ற உணவகம், 1996 முதல் மூன்று நட்சத்திரம். 2001-ல் அவர் சிவப்பிறைச்சியை மெனுவிலிருந்து எடுத்துவிட்டுக் காய்கறிக்கு மாறினார். நட்சத்திரம் போகும் என்று ஊரே சொன்னது, போகவில்லை. 2025-ல் மீன், கோழி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தேனை மட்டும் வைத்துக்கொண்டார். "அந்தாளுக்கு 2001-ல ஆரம்பிச்ச புரட்டாசி இன்னும் முடியலை" என்றார் இவர், மரியாதையோடு.

நாங்கள் சாப்பிட்டது வேறிடத்தில். அங்கே கை கழுவப் போன இவர் கால் மணி நேரமாகியும் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன். சமையலறைக் கதவோரம் நின்று, வெள்ளை அங்கி போட்ட ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து "தம்பி, அந்தச் சட்டியை இஞ்சால தா" என்று குரல் கேட்டதாம். இவர் அப்படியே நின்றுவிட்டாராம். பாரிசுச் சமையலறைகளில் இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். இருந்தாலும் காதால் கேட்கும்போது வேறு.

"திருச்சியோ? நான் அங்க கொஞ்சக் காலம் இருந்தனான், ஏர்போட்டுக்குக் கிட்ட, கொட்டப்பட்டு முகாமில" என்றார் அவர். இவர் பணிமனைக்குப் போகிற பாதை அது. இரண்டு பேரும் எந்த டீக்கடை இன்னும் இருக்கிறது, எது போய்விட்டது என்று கணக்குப் பார்த்தார்கள். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "ஐயாவுக்குப் பசி அடங்கினதோ?" என்று கேட்டார்.

"இல்லை" என்றார் இவர். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்.

"அது அப்பிடித்தான். லா ஷப்பல் பக்கம் போங்கோ. இடியப்பம், சொதி எல்லாம் இருக்கும், மரக்கறிச் சாப்பாடும் இருக்கு." நாங்கள் நகர்ந்தபோது மறுபடி கூப்பிட்டார். "ஆனா ஐயா, அந்தப் பச்சைச் சோஸ் நான்தான் செய்தனான். இரண்டு நாள் வேலை. அதைத் தட்டில விட்டிட்டுப் போகாதேங்கோ."

இவர் மேஜைக்குத் திரும்பி, ரொட்டியைப் பிய்த்து, தட்டில் இருந்த பச்சைக் கோடு, புள்ளி, வளையம் அத்தனையையும் வழித்துச் சாப்பிட்டார். என் தட்டையும் வாங்கி வழித்தார். மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். பரிமாறுகிறவர் மட்டும் மிகவும் சந்தோஷப்பட்டு இன்னொரு கூடை ரொட்டி கொண்டுவந்தார். அந்த ரொட்டியைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். பாரிசில் ஆண்டுதோறும் சிறந்த பகெத் ரொட்டிக்குப் போட்டி நடக்கிறது. வென்றவர் ஓராண்டு அதிபர் மாளிகைக்கு ரொட்டி கொடுப்பார். 2023-ல் அதை வென்றவர் தர்ஷன் செல்வராஜா, இலங்கையிலிருந்து போனவர். பிரெஞ்சு அதிபர் ஒரு வருடம் தமிழர் சுட்ட ரொட்டியைத்தான் சாப்பிட்டார். லா ஷப்பலில் இடியப்பம் சாப்பிட்டபடி மகள் இதைச் சொன்னபோது, இவர் பக்கத்து மேஜைக்காரரிடமெல்லாம் எழுந்து போய்ச் சொன்னார். அவர்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

அக்டோபர் 18. லியோன். காலையிலேயே சவரம் செய்துகொண்டு தயாராகிவிட்டார்.

லியோனைச் சமையலின் தலைநகர் என்பார்கள். வெள்ளைத் தொப்பியோடு படத்தில் சிரிக்கும் பால் பொக்கூஸ் இந்த ஊர்ப்பக்கம்தான். 1965-லிருந்து இறக்கும்வரை மூன்று நட்சத்திரத்தை விடாமல் வைத்திருந்தவர். ஆனால் எனக்குப் பிடித்தவர் யுஜெனி பிரேசியர் என்ற அம்மாள். பண்ணையில் வேலை பார்த்து வளர்ந்தவர். ஊருக்குள் ஒன்று, மலைமேல் ஒன்று என்று இரண்டு உணவகம் நடத்தி, 1933-ல் இரண்டுக்கும் மும்மூன்று நட்சத்திரம் வாங்கினார். அதற்குப் பிறகு இன்னொருவர் ஆறைத் தொட அறுபது வருடத்துக்கு மேல் ஆனது. பொக்கூஸே இந்த அம்மாளிடம் வேலை கற்றவர். தொப்பிக்காரர்கள் படத்துக்கு நிற்பார்கள். அடுப்படிக் கதை வேறு மாதிரி இருக்கும்.

இந்த வட்டாரத்துக் கோழி ப்ரெஸ் கோழி. வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால். பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறமும் ஒரு கோழியில். எந்த மாவட்டத்தில் வளர்க்கலாம், என்ன தீனி போடலாம் என்பதற்கெல்லாம் 1957-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. மகள் சொல்லி வைத்திருந்தது அந்தக் கோழியைப் பழைய முறையில் சமைப்பது: தோலுக்கடியில் கறுப்பு ட்ரஃபிள் துண்டுகளைச் செருகி, முழுக்கோழியைப் பன்றியின் மூத்திரப்பைக்குள் வைத்துக் கட்டி வேகவைப்பார்கள். பைக்குள் ஆவி சேர்ந்து பந்து போல் உப்பும். என்ன பை என்று நாங்கள் இவரிடம் சொல்லவில்லை.

தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பளபளவென்று, தலையணை அளவுக்கு உப்பி நின்றது. இவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"டியூப்!"

மகள் இந்த முறை சட்டையைப் பிடிக்கவில்லை; பிடித்தாலும் நின்றிருக்கமாட்டார். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, கட்டியிருந்த முடிச்சைப் பார்த்தார். "உள்ள எத்தனை பாயின்ட் காத்து இருக்கும்னு கேளு" என்றார். மகள் கேட்டாள். பரிமாற வந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். அளந்ததில்லை, ஆனால் வேகும்போது மேலே சூடான சாற்றை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும் என்றார். "வெடிக்கத்தான் செய்யும். ஒரு பக்கம் மட்டும் சூடு ஏறினா வெடிக்கும்" என்று இவர் தலையாட்டினார். மகள் இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்க, முடிச்சு, தையல், காற்று இறங்குவது என்று பேச்சு நீண்டது. பக்கத்து மேஜையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் கத்தி முனையால் ஒரு குத்துக் குத்தினார். புஸ்ஸென்று ஆவி இறங்கியது. இவர் கண்ணை மூடி அந்த வாசனையைப் பிடித்தார். ஒரு மாத விரதம் அந்த முகத்தில் தெரிந்தது.

நெஞ்சுக் கறியை மட்டும் அறுத்து, வெள்ளைச் சாஸ் ஊற்றி ஆளுக்கு ஒரு தட்டு வைத்தார்கள். மிச்சக் கோழியோடு வண்டி உள்ளே போய்விட்டது.

இவர் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் கண் கதவிலேயே இருந்தது. கொஞ்சம் பொறுத்து என் பக்கம் சாய்ந்து, "காலு ரெண்டையும் உள்ள வச்சுக்கிட்டாங்க" என்றார். அடுப்படியில் யாராவது சாப்பிடுவார்களாக இருக்கும் என்றேன். "காசு நாம குடுக்கிறோம்" என்றார். டைரியை எடுத்து ஏதோ எழுதி அடிக்கோடு போட்டார்.

இந்தக் கோழியை இரண்டு தவணையாகப் பரிமாறுவதுதான் வழக்கம். தொடைக்கறி வேக இன்னும் நேரம் எடுக்கும் என்பதால் திரும்பக் கொண்டுபோய்ப் பதமாக்கி, கொஞ்சம் கீரை சாலடோடு கொண்டுவருவார்கள். மகளுக்கு இது தெரியும். அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை என்பது என் சந்தேகம். இருபது நிமிடம் கழித்துக் கால் வந்தது. இவர் ஒன்றும் பேசவில்லை. கத்தியையும் முள்கரண்டியையும் தட்டுக்கு வெளியே எடுத்து வைத்தார். கையால் எடுத்துக் கடித்து, எலும்பைத் துப்புரவாக உறிஞ்சி, தட்டின் ஓரத்தில் நேராக அடுக்கினார்.

தட்டை எடுக்க வந்தவர், எப்படி இருந்தது என்று மிக மெதுவாகக் கேட்டார். இவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. காலு கொஞ்சம் லேட்டு. அடுத்த தடவை டயத்துக்கு விடச் சொல்லு."

மகள் அதை நீளமாக, கைகளை விரித்து, ஏற்ற இறக்கத்தோடு மொழிபெயர்த்தாள். அவர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, இரண்டு முறை நன்றி சொல்லிவிட்டு, சமையல்காரரைக் கூட்டிவர உள்ளே ஓடினார்.